நழுவாத ஊத்

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. அதிகாலையில் மூடுபனி, பகலில் மங்கிய வெயில், பிற்பகல் நான்கு மணி முதல் கடற்பக்கமிருந்து ஈரக்காற்று.

அன்றுதான் ஊத் முதன்முறையாக ஜன்னத்தின் மடியிலிருந்து நழுவவில்லை.

ஊத் என்பது அரபு நாட்டார் மீட்டும் நரம்புக் கருவி. பெரிய பேரிக்காயை நெடுக்குவாட்டில் அறுத்து உள்ளீட்டைக் குடைந்தெடுத்தாற்போன்ற உடலும், குட்டையான கழுத்தும், பின்புறம் மடங்கிய தலையும் உடையது. அதன் முதுகு உருண்டையானது. ஆகவே அதைப் பயிலத் தொடங்குபவர் முதலில் பயில வேண்டியது வாசிப்பை அன்று, பிடிப்பையே. கருவியை வலது தொடைமேல் இருத்தி, வலது முன்கையை அதன் அடிப்பாகத்தின்மேல் போட்டு, தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொள்ள வேண்டும். இடது கை அதன் பாரத்தைத் தாங்கலாகாது. நரம்புகளை அழுத்துவது மட்டுமே அதன் பணி. பதினொரு நாட்களாக ஜன்னத் இம்முறையைப் பின்பற்ற முயன்று தோற்றிருந்தாள். ஈரச் சோப்புக்கட்டியைப் போல அது ஒவ்வொரு முறையும் முழங்காலை நோக்கி வழுக்கியது. அவள் ஒவ்வொரு முறையும் இடது கையால் அதை இழுத்துப் பிடித்தாள்.

அன்றோ, வைத்த இடத்தில் நின்றது. நெற்றியில் விழுந்த முடியை முக்காட்டுக்குள் தள்ளுவதற்காக அவள் இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தாள். முடியைத் தள்ளி முடித்த பிறகுதான் தன் இரண்டு கைகளும் கருவியின்மேல் இல்லை என்பதை உணர்ந்தாள். அது சாயவில்லை, அசையவுமில்லை. அவள் வயிற்றோடு ஒட்டி, எவரோ எதிர்ப்புறமிருந்து மெல்ல அணைத்திருப்பதைப் போல நிமிர்ந்து நின்றது.

கஞ்சி போட்ட வெள்ளைப் பருத்திச் சேலையின் சொரசொரப்பே காரணம் என்று அவள் முடிவு செய்தாள். பின்னர், பதினொரு நாட்களில் பிடி வந்துவிட்டது என்று பெருமையும் கொண்டாள்.

தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கின் பின்சுவரைப் பார்த்த மாடிப் பகுதி அது. துறைமுகத்துக்குச் செல்லும் டிரெய்லர் லாரிகள் முனையில் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. காலையில் துடைத்த விளிம்பில் மாலைக்குள் கரித்தூள் படிந்தது. கீழ்த்தளத்தில் அவளுடைய கணவனின் தங்கை நவ்ரீன் குடும்பத்தோடு வசித்தாள். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து இருந்தது. ஆதலால் ஜன்னத் அப்படியில் இறங்கவில்லை. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், அணியும் நறுமணமும் தவிர்த்து இருக்க வேண்டிய காலம் இத்தா எனப்படும். அவளுடைய இத்தா ஜனவரி 23ஆம் நாள் மாலை, மக்ரிப் வேளையில் முடிவடைய இருந்தது.

கணவன் ஜுபைர் பதினான்கு ஆண்டுகள் ஷார்ஜாவில் ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளனாக இருந்தான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வந்தான். அந்த நாற்பது இரவுகளிலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, சண்டையும் இல்லை. சண்டையிடுவதற்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். அங்கேயே இறந்தான், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டான். உடல் வரவில்லை. தொண்ணூற்று மூன்றாம் நாள் ஒரு பெட்டி வந்தது.

இறந்தவரின் உடைமைகளை எவருக்கேனும் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். வீட்டிலிருந்த அவனுடைய சட்டைகளும் செருப்புகளும் நாற்பதாம் நாளுக்குள் போய்விட்டன. பெட்டியில் வந்த இரண்டு கைலிகளும் ஒரு கட்டு சோப்பும் மறுநாளே போயின. அதே பெட்டியில் வந்த அவனுடைய ஊத் மட்டும் போகவில்லை. துணி வாங்க வந்தவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துத் திருப்பித் தந்தார். ஆகவே அவனுடைய கை மிக அதிகமாகத் தழுவியிருந்த பொருள் எதுவோ, அதுவே வீட்டில் எஞ்சியது.

ஜன்னத் அதைக் கற்கத் தொடங்கியதற்குக் காரணம் அன்பன்று. பதினான்கு ஆண்டுகளில் அவன் பழகியதை இத்தா முடிவதற்குள் தான் பழகிவிட வேண்டும். அது இத்தனை எளிய பொருள், இதற்காகவா என்னை விட்டிருந்தாய் என்று அவனிடம் மனத்துக்குள் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். கேட்டபின் அதை இங்கேயே விட்டுவிட்டு மீஞ்சூருக்குப் போய்விட வேண்டும். அங்கே ஒரு மழலையர் பள்ளியில் எழுத்தர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. ஓர் அறையும் காத்திருந்தது. அதன் சாவி முப்பத்தொன்பது வயதில் அவளுக்கே அவளுக்கென்று கிடைத்த முதற்சாவி. 23ஆம் நாள் சூரியன் மறைந்ததும் அவள் இந்தப் படியில் இறங்குவாள். அதன்பின் அவள் எவருடைய மனைவியும் அல்லள்.

மறுநாள் பிற்பகல் நவ்ரீன் ஒரு கையில் தேநீரும் மறு கையில் கைப்பேசியுமாக மாடியேறி வந்தாள். ஜுபைரோடு ஷார்ஜாவில் ஒரே அறையில் தங்கியிருந்த ஒவைஸ், நவ்ரீனின் கணவனுக்குத் தம்பி. ஜுபைரும் அவனும் பக்கத்து அறைக்காரர் ஒருவரிடம் சேர்ந்துதான் ஊத் பழகினார்கள். இப்போது அவன் குரல்பதிவாக ஜன்னத்துக்குப் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

"இந்தா அண்ணி, உன் வாத்தியாரு," என்றாள் நவ்ரீன். "எனக்கு ஒரு சலாம் சொல்ல அவனுக்கு நேரம் இல்ல. உனக்கு மட்டும் நாலு நிமிசத்துக்குப் பேசிகீறான்."

"ஒனக்கும் சேத்துத்தான் பேசறாரு."

"ஆமா, எனக்கு இன்னாத்துக்கு? ஊத்துன்னா அத்தர்னு நெனச்சேன். பொட்டிய தொறந்தா கும்முனு அடிக்கும்னு நானும்தான் எட்டிப் பாத்தேன். பாத்தா பூசணிக்காக்கு வாலு வெச்சா மாதிரி ஒண்ணு கீது."

ஒவைஸின் குரல் ஒலித்தது: "அஸ்ஸலாமு அலைக்கும்கா. இப்ப எடது கை விரலு நல்லா வலிக்கும். வுட்றாதீங்க. பத்து நாளுல நுனி கொப்பளிச்சு, அப்பால காய்ச்சுப் பூடும். ஜுபைர் அண்ணனுக்கு நாலு விரலும் செருப்புத் தோலு மாதிரி இருந்துச்சு. நவ்ரீன் அண்ணி, அவங்க விரலப் பாத்து எனக்குச் சொல்லு."

நவ்ரீன் ஜன்னத்தின் இடது கையைப் பற்றித் திருப்பினாள். கட்டை விரலால் ஒவ்வொரு நுனியையும் அழுத்திப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, பஞ்சு கணக்கா கீது! நெசமாவே வாசிக்கிறியா?"

"தெனம் ரெண்டு மணி நேரம் வாசிக்கிறேன்."

"அதான் கீழ கேக்குதே. நேத்துகூட நல்லாத்தான் வாசிச்ச. அப்போ நரம்ப அழுத்தறது யாரு, எங்கம்மாவா?" என்று சொல்லி நவ்ரீன் சிரித்தாள். அவளுடைய அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. "கெழவி இருந்திருந்தா அழுத்தும். நரம்ப இல்ல, உன் கழுத்த."

ஜன்னத்தும் சிரித்தாள். நவ்ரீன் இறங்கிப் போனபின் நெடுநேரம் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் ஒரு கோடுகூட இல்லை.

மாலைநேர அஸர் தொழுகைக்குப் பின், ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊத்தை மடியில் இருத்தினாள். அது அடங்கி நின்றது. தெருமுனையில் ஒரு டிரெய்லர் பெருமூச்சோடு பிரேக் பிடித்தது. கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. மீன் சந்தை கழுவிய நீரின் வாடையும் டீசல் புகையும் கலந்து வந்த காற்றில், அவற்றோடு சேராத வேறொரு மணம் இழையாக ஓடியது. பெட்டியில் வந்த சோப்பின் மணம். அந்தச் சோப்பு வீட்டைவிட்டுப் போய் மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அவள் இடது கையின் நடுவிரலைத் தடித்த நரம்பின்மேல் வைத்தாள். மெல்லத்தான் வைத்தாள், அழுத்தவில்லை. வலது கையிலிருந்த மீட்டுகோலால் தட்டினாள். நன்றாக அழுத்திப் பிடித்த நரம்பின் தெளிவான, முழுமையான ஓசை எழுந்தது.

விரலைச் சற்றே உயர்த்தினாள். ஓசை மாறவில்லை.

இன்னும் உயர்த்தினாள். மாறவில்லை.

கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். நரம்பு மரத்தோடு மரமாக அழுந்தியிருந்தது. அதற்கும் அவளுடைய விரலுக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருந்தது. ஒரு விரல் பருமனுள்ள வெற்றிடம். அவ்வெற்றிடத்தின்மேல் அவளுடைய விரல் ஓய்ந்து கிடந்தது. அடியில் இருந்தது வெதுவெதுப்பாக இருந்தது. கடினமாக இருந்தது. செருப்புத் தோலைப் போல இருந்தது.

அவள் கூச்சலிடவில்லை. பதினான்கு ஆண்டுகள் கூச்சலிடாமலே இருந்து பழகியவள். கருவியைத் தரையில் வைத்தாள். பதினொரு முறுக்காணிகளையும் ஒவ்வொன்றாகத் திருகி நரம்புகளைத் தளர்த்தினாள். போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசல் வரை சென்று கூப்பிட்டாள்.

"நவ்ரீன், இத்தக் கீழ எடுத்துகினு போ. உன்கிட்டயே இருக்கட்டும்."

"ஐயோ, எங்க வூட்டுக்காரரு பாத்தா பேஜாரு," என்று கீழிருந்து குரல் வந்தது. "இன்னும் ரெண்டு வாரம்தான் அண்ணி. பரண் மேல போடு. நீ போனப்பறம் எவனுக்கனா தள்ளி வுட்றலாம்."

அவள் அதைப் பரண்மேல் ஏற்றினாள்.

பொங்கல் விடுமுறையில் துறைமுகச் சாலை ஓய்ந்தது. மூன்று நாட்கள் டிரெய்லர் ஒன்றுகூட வரவில்லை. கண்ணாடிகள் அதிரவில்லை. அத்தகைய அமைதியை அவள் அவ்வீட்டில் கேட்டதே இல்லை. பரணிலிருந்து ஓசை வருமோ என்று அவள் அஞ்சினாள், வரவில்லை. பரண் ஊமையாகவே இருந்தது. ஆனால் அஸருக்குப் பின், நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடிக்கும் வேளையில், அவளுடைய பிடரிக்குச் சற்றுப் பின்னால், கடினமான ஒன்றை முனைந்து செய்பவர் தம்மை அறியாமல் மூச்சை அடக்கி அடக்கி விடுவது போன்ற மெல்லிய சீறல் கேட்டது. குவளையை வைக்க முன்னே குனிந்தாள். குனிய முடியவில்லை. விலா எலும்புகளுக்குக் கீழே, வலமிருந்து இடமாக, பட்டையான ஒரு பாரம் அவளை நாற்காலியின் முதுகோடு சேர்த்து வைத்திருந்தது. மக்ரிப் பாங்கு சொன்னதும் அது அகன்றது.

மறுநாள் குளிக்கும்போது வயிற்றின் குறுக்கே நீலம் பாய்ந்திருந்ததைக் கண்டாள். ஒரு முன்கையின் அகலம்.

நாற்காலியைத் தவிர்த்துத் தரையில் அமர்ந்தாள். அங்கும் வந்தது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நிற்கும்போதும் வந்தது. ஒவ்வொரு நாளும் அதே வேளையில் வந்து, ஒவ்வொரு நாளும் சற்றே கூடுதலான நேர்த்தியோடு அவளைப் பற்றியது. முதல் நாட்களில் பிடி தடுமாறியது. இறுக்கியது, தளர்ந்தது, இடம் மாறியது. 20ஆம் நாள் அது தடுமாறவில்லை. எங்கே அழுத்தினால் அவள் நழுவமாட்டாள் என்று அறிந்துகொண்டிருந்தது.

22ஆம் நாள் அவள் நவ்ரீனிடம் கேட்டாள்: "உங்க அண்ணன் எப்டி எறந்தாருன்னு ஒவைஸ் ஒரு நாளும் சொல்லல. கேட்டுச் சொல்லு."

"மாரடைப்புன்னு காயிதத்துல கீதே."

"காயிதத்த நானும் படிச்சேன். கேளு."

ஒரு மணி நேரத்துக்குப் பின் பதில் வந்தது. நவ்ரீன் அதைத் தானும் கேட்டிராமல், ஜன்னத்தின் முன்னாலேயே ஓட விட்டாள்.

"சொல்ல வாணாம்னுதான் இருந்தேன்கா. நான் ட்யூட்டி முட்ச்சு வந்தப்போ சேர்லதான் உக்காந்துகினு இருந்தாரு. ஊத்து மடியில. வாசிச்சுகினு கீறாருன்னு நான் மூஞ்சி கழுவப் பூட்டேன். வந்து பாத்தா ஒடம்பு வெறச்சுப் போய்கீது. கை அத்தச் சுத்திகினு இருந்துச்சு. எடுக்க வரல. மூணு பேரு சேந்து விரல ஒவ்வொண்ணா பிரிச்சோம். குளிப்பாட்டும்போதும் அந்தக் கைய நேராக்க முடியலக்கா. வளைஞ்ச கையோடயேதான் அடக்கம் பண்ணோம்."

நவ்ரீன் கைப்பேசியைக் கவிழ்த்துப் பிடித்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"யா அல்லா. லூசுப் பய, இத்தப் போயி ஒங்கிட்ட சொல்லிகீறான் பாரு." ஜன்னத்தின் தோளைத் தட்டினாள். "நெனைக்காத அண்ணி. நாளைக்கு இந்நேரம் நீ மீஞ்சூர்ல கீற. நான் பிரியாணி கட்டிக் குடுக்கறேன், போற வழியில தின்னுகினே போ."

23ஆம் நாள், வியாழக்கிழமை. பையைக் காலையிலேயே கட்டி வைத்தாள். நான்கு மணிக்கு நவ்ரீனை அழைத்துத் தன்னருகே உட்கார வைத்தாள். நவ்ரீன் ஒன்றரை மணி நேரம் ஓயாமல் பேசினாள். அந்த ஒன்றரை மணி நேரமும் எதுவும் வரவில்லை. ஐந்தரைக்கு நவ்ரீன் எழுந்தாள்.

"சோத்த தம்முல போட்டுட்டு வந்துட்டேன் அண்ணி. எறக்கி வெச்சுட்டு ஓடியாந்துட்றேன்."

"போவாத."

"அடிப் புடிச்சிடும் அண்ணி. ரெண்டு கிலோ கறி!"

"நானும் வரேன்."

நவ்ரீன் வாசல் வழியே தெருவை எட்டிப் பார்த்தாள். "வா. யாரு ஒன்ன தடுக்கறது? ஆனா பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் கீது. எதிர் வூட்டுக்காரிங்க எல்லாம் வாசல்லதான் குந்திகினு கீறாளுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், அவளுங்க சொல்லுவாளுங்க."

ஜன்னத் படிவரை வந்துவிட்டாள். வெளியே மாலை வெயில் கிடங்குச் சுவரின் உச்சியில் மட்டும் ஒட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் மூன்று பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். திரும்பிப் பாராத ஒருவனுக்காகப் பதினான்கு ஆண்டுகள் ஒரு சொல்லுக்கு இடம் கொடாமல் இருந்தாகிவிட்டது. நான்கு மாதமும் ஒன்பது நாளும் முடிந்தாகிவிட்டது. கடைசி அரை மணி நேரத்தை உடைத்து, இவள் அதற்குள் ஓடிவிட்டாள் என்னும் பேச்சை இத்தெருவுக்குப் பரிசாகத் தருவதற்கு அவளுடைய மானம் ஒப்பவில்லை.

"போ. நான் இங்கயே நிக்கறேன்," என்றாள்.

நவ்ரீன் இறங்கினாள். ஜன்னத் உள்ளே வந்து, கதவைத் திறந்தே வைத்து, நிலைப்படியைப் பற்றிக்கொண்டு நின்றாள். புர்கா அணிந்தாகிவிட்டது. பை தோளில். சாவி உள்ளங்கையில்.

ஐந்து நாற்பது.

ஐந்து ஐம்பது. கரித்தூளின் வாடை. டீசல் வாடை. கீழே பிரியாணியின் மணம்.

பிறகு சோப்பு.

தாழ்ப்பாளைப் பற்றினாள். கால்கள் மடங்கின. அவள் மடக்கவில்லை. தரையில் விழுவோம் என்று எண்ணினாள். தரை வரவில்லை. அவள் எதன்மேலோ அமர்ந்திருந்தாள். நாற்காலி எதிர்மூலையில் காலியாகக் கிடந்தது. அவளுக்கு அடியில் இருந்தது ஒரு தொடை.

முன்கை வந்தது. விலாவுக்குக் கீழே. இம்முறை அது சதையைப் போல இல்லை. வளைத்து உறைந்த இரும்பைப் போல இருந்தது. நேராக்க முடியாத கை. மூன்று பேர் வேண்டும். மூன்று பேர்.

அவளுடைய முதுகு ஓர் ஈர மார்போடு ஒட்டியது. ஈரம் நீரன்று. புதைகுழியின் ஈர மணல்.

திருமணமான நாள்முதல் அவன் அவளை இவ்வாறு அணைத்ததில்லை.

நவ்ரீன் என்று கூப்பிட வாயைத் திறந்தாள். தொண்டையின்மேல் நான்கு விரல் நுனிகள் வந்து அமர்ந்தன. பாரம் தாங்காமல், மெல்ல, முறைப்படி. காய்த்துப் போன நுனிகள். அவை ஓரிடத்தில் அழுத்தின.

அவளிடமிருந்து ஓசை எழுந்தது. அது அவளுடைய குரலன்று. தெளிவான, முழுமையான, நீண்ட ஓசை.

விரல்கள் இடம் மாறின. வேறோர் ஓசை.

பரணில் ஊத் தளர்ந்த நரம்புகளோடு கிடந்தது. உள்ளங்கையிலிருந்து சாவி விழுந்தது. மசூதியில் பாங்கு தொடங்கியது. இத்தா முடிந்தது. கை அகலவில்லை. இறந்தவனின் மனைவிக்கே இத்தா என்பது நினைவுக்கு வந்தது. இவன் என்று இறந்தான் என்று கணக்கிடுவது? எந்த நாளிலிருந்து எண்ணுவது?

படியில் காலடிகள்.

"அண்ணி! வண்டி வந்துடுச்சு!" பாதிப் படியில் காலடிகள் நின்றன. நவ்ரீனின் குரல் தாழ்ந்தது. கீழே யாரிடமோ சொன்னாள்: "ஸ்ஸ்! கடைசியா ஒரு தபா வாசிச்சுகினு கீது. அம்மாடி, இன்னாமா வாசிக்குது! அண்ணன் நெனப்பு வந்துடுச்சு போலகீது. முடிக்கட்டும். யாரும் மேல போவாதீங்க."

காலடிகள் இறங்கின. ஒவ்வொன்றாக. மெதுவாக. தொந்தரவு செய்யலாகாது என்று.

புதிதாகப் பயில்வோர் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. தம் விரல்கள் எங்கே படுகின்றன என்று காணும் ஆவலில், கருவியின் முகத்தைத் தம் முகத்தை நோக்கிச் சாய்ப்பார்கள். ஜன்னத்தின் தலை பின்னோக்கிச் சாய்க்கப்பட்டது. கூரை தெரிந்தது. பின்னர் கூரையை மறைத்துக்கொண்டு, நாசித் துளைகளில் பஞ்சு அடைத்த ஒரு முகம், மாணவனுக்குரிய கவனத்தோடு, அவள்மேல் குனிந்தது.

அப்போது மாலை ஆறு மணி ஏழு நிமிடம்.